ரங்காபுரம் லாரி டயர்க் கடையில் பக்கி வண்டிக்கு டயர் மாற்றிய அனுபவம்

வேலூரில் பீட்லாக் ரிம் (டயரின் விளிம்பை போல்ட் போட்டுப் பூட்டும் ரிம்) போட்ட சக்கரத்துக்கு ஒழுங்காக டயர் மாற்றித் தர ஆள் இருக்கிறார்களா என்று தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இருக்கிறார்கள். சத்துவாச்சாரியைத் தாண்டி ரங்காபுரம் பக்கம், சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையின் சர்வீஸ் ரோட்டில், பெயர்ப் பலகை இல்லாத ஒரு லாரி டயர்க் கடை இருக்கிறது. வாசலில் வெள்ளை பெயின்ட் அடித்துப் பாதி புதைத்து வைத்திருக்கும் பழைய லாரி டயர்தான் அடையாளம். மார்கழியில் அங்கே எங்கள் வண்டியின் பின் சக்கரங்கள் இரண்டுக்கும் டயர் மாற்றினோம்; மாசி முடியும் வரை ஓட்டிப் பார்த்து, இரண்டு முறை போல்ட்டுகளைச் சரிபார்த்த பிறகே எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

வண்டி, கரடுமுரடான நிலத்தில் ஓட்டும் சின்ன பக்கி, என் அக்கா மகனுடையது; அவன் பொறியியல் படிக்கிறான். சாலையில் ஓட்டுவதற்கான பதிவு அதற்குக் கிடையாது என்பதால், ஒடுகத்தூருக்கு அப்பால் மலையடிவாரத்தில் எங்களுக்கு இருக்கும் மாந்தோப்பிலும் அதை ஒட்டிய தரிசிலும் மட்டுமே ஓடுகிறது. வேறு எங்காவது கொண்டுபோக வேண்டுமென்றால் குட்டி யானையில் ஏற்றித்தான். அந்தத் தரிசைப் பார்த்தவர்களுக்கு டயர் என்ன பாடுபடும் என்பது தெரியும்: ஒரு பக்கம் சரளை, நடுவில் ஓடை மணல், மேலே ஏறினால் உருண்டைப் பாறைகள், எங்கும் சீமைக் கருவேல முள். பின் டயரின் அளவு 25x10-12, அதாவது 25 அங்குல உயரம், 10 அங்குல அகலம், 12 அங்குல ரிம். இவ்வளவு அகலமான டயரில் 7 பி.எஸ்.ஐ. காற்று மட்டும் வைத்தால்தான் அது நன்றாகப் படர்ந்து மணலில் புதையாமல் ஏறும், பாறையையும் கவ்விப் பிடிக்கும்.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. சாதாரண ரிம்மில் டயரின் உள்விளிம்பை, எஃகுக் கம்பிகள் பொதிந்த அந்தப் பீட் பகுதியை, ரிம்மோடு அழுத்திப் பிடித்து வைத்திருப்பது உள்ளிருக்கும் காற்றுதான். காற்றைக் குறைத்தால் பிடியும் குறைகிறது. பக்கவாட்டில் பாறை இடித்தாலோ வேகமாகத் திருப்பினாலோ டயர் ரிம்மை விட்டு இறங்கிவிடும். பீட்லாக் ரிம்மில் வெளிப்பக்க பீட்டை ரிம்முக்கும் தனியான ஓர் அலுமினிய வளையத்துக்கும் நடுவில் வைத்து, சுற்றிலும் போல்ட் போட்டு இறுக்கிவிடுகிறார்கள். எங்கள் ரிம்மில் கால் அங்குல போல்ட்டுகள் 16. காற்று முழுக்க இறங்கினாலும் வெளிப்பக்கம் அசையாது. ஆனால் எங்களிடம் இருக்கும் வகையில் வெளிப்பக்கம் மட்டுமே பூட்டப்படுகிறது. உள்பக்க பீட் மற்ற ரிம்களைப் போலவே காற்றை நம்பித்தான் உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இந்த அமைப்பைத் தெரியாதவர் கையில் சக்கரம் போனால் என்ன ஆகும் என்பதை முன்பே பார்த்துவிட்டோம். பழைய டயர்களை முதன்முதலில் போட்டபோது நகரத்துக்குள் வேறொரு கடைக்குப் போயிருந்தோம். அதன் பெயர் இங்கே தேவையில்லை. கார்களில் அழகுக்காக வெறும் போல்ட் தலைகளைப் பதித்த ரிம்கள் வருவதுண்டு. அங்கிருந்த பையன் இதையும் அப்படியே நினைத்துக்கொண்டு, வளையத்தைக் கழற்றாமலேயே சக்கரத்தை எந்திரத்தில் ஏற்றி வெளிப்பக்கத்தை நெம்பத் தொடங்கினான். நாங்கள் சொன்ன பிறகு நிறுத்தினான். ஆனால் வளையத்தைத் திரும்ப மாட்டும்போது காருக்கு நட்டுப் போடும் அதே இம்பாக்ட் கன்னை எடுத்து ஒரே மூச்சில் சுற்றிலும் ஓட்டிவிட்டான். அதுவும் 7/16 அங்குல சாக்கெட் கிடைக்காமல் 12 மில்லிமீட்டர் சாக்கெட்டை மாட்டி. விளைவு, நான்கு போல்ட்டுகளின் தலை மழுங்கியது, அலுமினிய ரிம்மில் மூன்று மரைகள் கையோடு வந்துவிட்டன, வளையம் ஒரு பக்கம் அமுங்கி மறுபக்கம் தூக்கி நின்றது. போதாக்குறைக்கு ஒரு டயரைச் சுழலும் திசைக்கான அம்புக்குறியைப் பார்க்காமல் தலைகீழாகப் போட்டிருந்தார்கள். மரைகளைச் சரிசெய்ய ஒரு லேத் பட்டறையில் ஓட்டையைப் பெரிதாக்கி, உள்ளே கம்பிச் சுருள் வைத்துத் தர வேண்டியதாயிற்று; வளையத்தைச் சமதளக் கல்லில் வைத்துத் தட்டிச் சரிசெய்ய இரண்டு நாள் ஆனது. அக்கா மகன் அப்போது முகம் வாடி நின்றது இன்னும் நினைவில் இருக்கிறது. பகுதி நேர வேலை செய்து சேர்த்த பணத்தில் வாங்கிய ரிம் அது.

அதனால் இந்த முறை சக்கரங்களைக் காரின் டிக்கியில் போட்டுக்கொண்டு ரங்காபுரம் போனபோது எங்களுக்கு முழு நம்பிக்கை இருந்தது என்று சொல்ல முடியாது. கடையை நடத்துகிறவர் அறுபதைத் தாண்டியவர்; எல்லோரும் பாய் என்றே கூப்பிடுகிறார்கள், நாங்களும் அப்படித்தான். சக்கரத்தைக் கையில் வாங்கியதும் அவர் பார்த்தது டயரை அல்ல. வளையத்தையும் போல்ட்டுகளையும் விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்துவிட்டு, "இது நம்ம லாரி ரிங்கு மாதிரிதான் சார், ஆனா போல்ட்டு போட்டுகீறாங்க" என்றார்.

இந்த ஒப்பீடுதான் அந்தக் கடையின் பலம் என்று எனக்குத் தோன்றுகிறது. டியூப் போடும் பழைய லாரிச் சக்கரங்களில் ஒரு பக்க விளிம்பு தனி வளையமாக வரும். அதைப் பிடித்து வைப்பது லாக் ரிங். அந்த லாக் ரிங் தன் பள்ளத்தில் சரியாக உட்காராமல் காற்றடித்தால் வளையம் எகிறி எதிரில் நிற்பவரின் உயிரையே எடுத்துவிடும். லாரி டயர் வேலை செய்து வளர்ந்தவர்களுக்கு இந்தப் பயம் உடம்பிலேயே ஊறியிருக்கிறது. பீட்லாக் ரிம்மில் ஆபத்து வேறு நேரத்தில் வருகிறது: உள்ளே காற்று இருக்கும்போதே வளையத்தின் போல்ட்டுகளைக் கழற்றினால், மிச்சமிருக்கும் கடைசிச் சில போல்ட்டுகள் தாங்காமல் பிய்ந்து வளையம் பறக்கும். பாய் அதை இப்படிச் சொன்னார்: "லாரி ரிங்கு காத்து அடிக்கும்போது எகிறும். இது காத்தோட கழட்டினா எகிறும். ரெண்டும் ஒண்ணுதான் சார், நேரம்தான் வேற."

சொன்னதைச் செய்தும் காட்டினார். முதலில் வால்வு பின்னைக் கழற்றிக் காற்றை விட்டார். சத்தம் நின்ற பிறகும் போல்ட்டில் கை வைக்காமல், ஒரு மெல்லிய கம்பியை வால்வுக்குள் விட்டு முன்னும் பின்னும் ஆட்டினார். ஓடை மண் உள்ளே போய் அடைத்திருந்தால் காற்று போய்விட்டது போலத் தோன்றும், உள்ளே பாதி அப்படியே நிற்கும் என்பதற்காக. இரண்டாவது சக்கரத்தில் அந்தக் கம்பி பட்டதும் மறுபடி ஒரு சீறல் வந்தது. கூடவே ஒரு சிட்டிகை மண்ணும் வந்து அவர் உள்ளங்கையில் விழுந்தது. டயரைக் கையால் அழுத்தி அது குழைந்து உள்ளே போவதைப் பார்த்த பிறகுதான் அடுத்த வேலைக்குப் போனார். இத்தனைக்கும் உள்ளே இருந்தது 7 பி.எஸ்.ஐ. தான்.

கடையில் உதவிக்கு இருக்கும் இளைஞர் இம்பாக்ட் கன்னை எடுத்து நீட்டியபோது அவர் தலையை மட்டும் அசைத்து மறுத்தார். சாக்பீஸால் வளையத்திலும் ரிம்மிலும் சேர்த்து ஒரு கோடு போட்டுக்கொண்டார்; திரும்ப மாட்டும்போது வளையம் தன் பழைய இடத்திலேயே உட்கார வேண்டும் என்பதற்காக. போல்ட் தலைகளில் ஒட்டியிருந்த மண்ணைக் காற்றுக் குழாயால் ஊதித் தள்ளி, எதிரெதிராக ஒவ்வொன்றையும் அரைச் சுற்று மட்டும் தளர்த்தி ஒரு முழு வட்டம் வந்த பிறகே முழுமையாகக் கழற்றினார். ஒரே பக்கமாகக் கழற்றிக்கொண்டே போனால் மீதமுள்ள போல்ட்டுகள் வளையத்தை வளைத்துவிடும். கழற்றிய 16 போல்ட்டுகளும் ஒரு பழைய அலுமினியத் தட்டில் வரிசையாக உட்கார்ந்தன.

உள்பக்க பீட்டை இறக்கும்போது லாரிக்குப் பயன்படுத்தும் கனமான நெம்புகோல்தான் அவரிடம் இருந்தது. ஆனால் அதற்கும் ரிம்முக்கும் நடுவில் பழைய டியூபை வெட்டிய துண்டுகளை மடித்து வைத்துக்கொண்டார். நெம்பியதில் எங்கள் ரிம்மில் ஒரு கீறல்கூட விழவில்லை. பீட் உட்காரும் இடத்தில் காய்ந்திருந்த சேற்றையும் பழைய ரப்பரையும் இரும்பு பிரஷ் போடாமல், பாத்திரம் தேய்க்கும் பச்சை நாராலும் சோப்புத் தண்ணீராலும் தேய்த்து எடுத்தார். அலுமினியத்தில் இரும்பு பிரஷ் போட்டால் விழும் கோடுகள் வழியாகவே பிறகு காற்று கசியும்.

புதிய டயரைப் போடுவதில் இந்த வகை ரிம் உண்மையில் சுலபமானது. வெளிப்பக்கத்தில் உயர்ந்த விளிம்பே இல்லாததால், சோப்புத் தண்ணீர் தடவிய உள்பக்க பீட்டை மேலிருந்து கையாலேயே அழுத்தி இறக்கிவிடலாம். நெம்ப வேண்டியதே இல்லை. சிரமமும் கவனமும் தேவைப்படுவது அதற்குப் பிறகுதான். வெளிப்பக்க பீட் தனக்கென்று வெட்டிய படியில் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும்; ஒரு பக்கம் ஏறி நின்றால் சக்கரம் சுழலும்போது டயர் கோணலாக ஆடும். பாய் அந்தப் பக்கத்தில் சோப்புத் தண்ணீர் படாமல் துணியால் துடைத்துவிட்டு, வளையத்தை வைக்கும் முன் சக்கரத்தைச் சுற்றி நடந்து நான்கு இடங்களில் விரலை வைத்து அளந்தார். அம்புக்குறியை அவர் தானாகவே பார்த்தார். எந்தச் சக்கரம் இடது, எது வலது என்று எங்களைக் கேட்டு, ரிம்மின் உள்பக்கத்தில் சாக்பீஸால் எழுதியும் வைத்தார்.

போல்ட்டுகள் எல்லாவற்றையும் முதலில் விரலால் மரையில் ஏற்றினார். விரலுக்கு இறுகிய ஒரு போல்ட்டை உடனே வெளியே எடுத்து, மரையை எண்ணெய்த் துணியால் துடைத்து மறுபடி போட்டார். பிறகு கைச் சாவியால் எதிரெதிராக, மூன்று சுற்றில், ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். வளையத்துக்கும் ரிம்முக்கும் இடையிலான இடைவெளி எல்லா இடத்திலும் ஒன்றுபோலக் குறைந்துகொண்டு வருவதை நாங்களும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

இங்கேதான் கடையின் முதல் குறையைச் சொல்ல வேண்டும். இந்த போல்ட்டுகளுக்கு ரிம்மோடு வந்த தாளில் 14 நியூட்டன் மீட்டர் என்று அளவு போட்டிருக்கிறது. கடையில் இருக்கும் டார்க் ரென்ச், அதாவது குறித்து வைத்த இறுக்கம் வந்ததும் க்ளிக் என்று சத்தம் கொடுக்கும் சாவி, லாரி நட்டுகளுக்கானது. இவ்வளவு சிறிய அளவு அதில் குறிக்கப்படவே இல்லை. பாய் கை அளவையே நம்புகிறவர். நாங்கள் 5 முதல் 25 நியூட்டன் மீட்டர் வரை காட்டும் சிறிய ரென்ச் ஒன்றைக் கையோடு எடுத்துப் போயிருந்தோம். அதைப் போட்டுப் பார்க்கலாமா என்று தயங்கித்தான் கேட்டேன். அவர் முகம் சுளிக்கவில்லை, "போடுங்க சார், பார்க்கலாம்" என்று நகர்ந்து இடம் விட்டார். முதல் சக்கரத்தில் ஒன்பது போல்ட்டுகளில் ரென்ச் நகராமலேயே க்ளிக் என்றது. ஏழு கொஞ்சம் நகர்ந்த பிறகு க்ளிக் என்றது. நகராமல் சத்தம் கொடுப்பதற்கு அளவு சரியாக இருக்கிறது என்று மட்டும் பொருள் இல்லை, அளவைத் தாண்டியும் இருக்கலாம் என்பதால், அந்த ஒன்பதையும் ஒவ்வொன்றாகக் கால் சுற்றுத் தளர்த்தி மறுபடி ரென்ச்சால் இறுக்கினோம். இரண்டாவது சக்கரத்துக்கு அவரே ரென்ச்சைக் கேட்டு வாங்கி, கடைசிச் சுற்றை அதிலேயே முடித்தார். அறுபது வயதில், தன் கைக்கு மேல் ஒரு கருவியை நம்பிப் பார்க்கலாம் என்று அவர் எடுத்த அந்த முடிவை நான் பெரிதாக மதிக்கிறேன்.

காற்றடிப்பதிலும் லாரிப் பழக்கம் துணை நின்றது. குழாயின் நுனியை வால்வில் கிளிப்பால் மாட்டிவிட்டு, டயரின் பக்கவாட்டுக்கு நேராக நிற்காமல் ஓரமாகத் தள்ளி நின்றுகொண்டார். எங்களையும் தள்ளி நிற்கச் சொன்னார். 20 பி.எஸ்.ஐ. தாண்டியதும் உள்பக்க பீட் டப் என்று உட்கார்ந்தது. டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவு 36. அதை நெருங்கவே இல்லை. பிறகு சோப்பு நுரையை வளையத்தைச் சுற்றியும் உள்விளிம்பிலும் வால்வின் அடியிலும் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்தார். ஒரு சக்கரத்தில் வால்வின் அடியில் மட்டும் சின்னக் குமிழிகள் வந்தன. அந்த வால்வையே மாற்றிவிட்டார், அதற்காக உள்பக்க பீட்டை மறுபடி இறக்க வேண்டியிருந்தும்.

காற்றின் அளவைக் குறைத்து 7-க்குக் கொண்டுவருவதற்கு அவருடைய அளவுமானி உதவாது. லாரிக்கான அந்த மானியில் 7 என்பது முள் அசைகிறதா இல்லையா என்ற இடம். இதற்கு 15 பி.எஸ்.ஐ. வரை மட்டும் காட்டும் தனி மானி வைத்துக்கொள்வது அவசியம், நாங்கள் வைத்திருக்கிறோம். இவ்வளவு குறைந்த காற்றில் வெயிலும் கணக்கில் வரும். விடியற்காலையில் 20 டிகிரியில் 7 வைத்தால், டயருக்குள் இருக்கும் காற்று 45 டிகிரிக்குச் சூடாகும்போது அது ஏறத்தாழ 9 ஆகிவிடும். காரில் 33-க்கு மேல் இரண்டு ஏறினால் தெரியாது; இங்கே அது கால் பங்குக்கும் மேல். வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சித்திரை, வைகாசியில் ஓட்டுகிறவர்கள் நடுவில் ஒரு முறை நிறுத்தி அளந்துகொள்வது நல்லது.

வேலை முடிந்த பிறகு அவர் சொன்ன ஒரு விஷயத்தைக் கட்டாயம் எழுத வேண்டும். ஒரு முறை ஓட்டிவிட்டு போல்ட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்க்கச் சொன்னார். வளையத்துக்கு அடியில் இருப்பது ரப்பர். அது அழுத்தத்தில் படிந்து கொஞ்சம் மெலியும், மெலிந்தால் போல்ட்டின் பிடி தளரும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தோப்பில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு ரென்ச் போட்டுப் பார்த்தோம். இடது சக்கரத்தில் ஐந்து போல்ட்டுகளும் வலதில் இரண்டும் லேசாக நகர்ந்தன. மாசியில் மறுபடி பார்த்தபோது ஒன்றுகூட நகரவில்லை. இடைப்பட்ட காலத்தில் பாறை மேட்டில் ஒரு முறை கருவேல முள் ஏறி வலது டயரின் காற்று முழுவதும் இறங்கியது. வெளிப்பக்கம் துளியும் அசையாமல், அந்த மேட்டிலிருந்து கொட்டகை வரை மெதுவாக ஓட்டி வந்து சேர்ந்தோம். பழைய டயரில் இதே இடத்தில் ரிம் தரையில் உரசியது.

மற்ற குறைகளையும் சொல்லிவிடுகிறேன். லாரி வந்தால் லாரிக்குத்தான் முதல் இடம். சரக்கோடு நிற்கும் வண்டியைக் காக்க வைக்க முடியாது என்பது நியாயமே, ஆனாலும் நாங்கள் இரண்டு மணி நேரம் காத்திருந்தோம், உட்கார நிழல் கிடையாது. வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்காகக் கடை மூடியிருக்கும். இந்த வேலையைப் பாய் மட்டுமே செய்கிறார்; அவர் இல்லாத நாளில் போய் உதவியாளரிடம் சக்கரத்தைக் கொடுக்க வேண்டாம், அவருக்கு இன்னும் இம்பாக்ட் கன்தான் முதலில் கைக்கு வருகிறது. இந்த அளவு டயர்கள் அங்கே விற்பனைக்கு இல்லை, நாம்தான் வாங்கிக்கொண்டு போக வேண்டும். பேலன்சிங் கிடையாது, மணலிலும் பாறையிலும் மெதுவாக ஓடும் வண்டிக்கு அது எங்களுக்கு ஒரு குறையாகத் தெரியவில்லை. ஒரு சக்கரத்துக்கு 350 ரூபாய் வாங்கினார், வால்வுக்குத் தனியாக 60. நகரத்துக்குள் முன்பு கொடுத்ததைவிட இது நூறு ரூபாய் அதிகம். லேத் பட்டறைக்குக் கொடுத்ததையும் சேர்த்துப் பார்த்தால் அந்தக் கணக்கே மாறிவிடும்.

நீங்கள் போவதாக இருந்தால் வார நாளில் காலை எட்டு மணிக்கு முன்பே போய்விடுங்கள். சக்கரத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு போங்கள், சிறிய டார்க் ரென்ச், 7/16 சாக்கெட், குறைந்த அளவு காட்டும் மானி மூன்றும் உங்களுடையதாக இருக்கட்டும். ரிம்மோடு வந்த தாளையும் எடுத்துப் போங்கள். போல்ட்டின் கனத்தையும் வளையத்தின் அமைப்பையும் பொறுத்து இறுக்க வேண்டிய அளவு மாறும், எங்கள் 14 உங்களுடையதற்குப் பொருந்தாமல் போகலாம்.

முன் சக்கரங்கள் இரண்டையும் சித்திரையில் அவரிடமே கொண்டுபோக இருக்கிறோம். கிளம்பும்போது சக்கரத்தில் தலை மழுங்கியிருந்த இரண்டு போல்ட்டுகளைக் காட்டி, "அடுத்த தபா வரும்போது புதுசு வாங்கிகினு வாங்க சார், பத்தாச்சும் வேணும்" என்றார். சென்னைக்குப் போன அக்கா மகன், வாகன உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோட்டில் பன்னிரண்டு வாங்கி வந்திருக்கிறான்.